செடி வாங்க முன் யன்னலைப் பாருங்கள்

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்கு வருகிறவர்கள் அனேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "வீட்டுக்குள்ள வைக்க என்ன செடி நல்லது?" நான் திருப்பிக் கேட்பது, "உங்கட யன்னல் எந்தப் பக்கம் பாக்குது?" கேட்டவருக்கு அது சுற்றி வளைக்கிற பதில் போலத் தெரியும். ஆனால் கொழும்பில் ஒரு செடி வீட்டுக்குள் தழைக்குமா, தேயுமா என்பது முக்கால்வாசி அந்த யன்னலில்தான் இருக்கிறது. மிச்சக் கால்வாசி சாடிக்குள், நம் கண்ணுக்குத் தெரியாத வேரில் இருக்கிறது.

இணையத்தில் செடி வளர்ப்பைப் பற்றி நிறைய வாசிக்கிறோம், காணொளி பார்க்கிறோம். அவற்றில் பெரும்பகுதி குளிர்நாட்டுக்காரர் தங்கள் வீட்டை நினைத்துச் சொல்பவை. ஹீட்டர் போட்ட அறையில் காற்று காய்ந்துபோகும், ஆகவே இலைக்குத் தண்ணீர் தெளியுங்கள். குளிர்காலத்தில் பசளையை நிறுத்துங்கள். தெற்கு யன்னலில் வையுங்கள். அவர்களுக்கு இதெல்லாம் சரி. எங்களுக்கு அப்படியே பொருந்தாது. கொழும்பில் குளிர்காலம் என்று ஒன்று இல்லை. பகலில் 30 பாகையைச் சுற்றி, இரவில் 24, 25. காற்றில் ஈரப்பதன் வருஷம் முழுக்கத் தாராளம். துணி காயாமல் நாங்கள் அலைகிற நாட்டில் செடிக்கு ஈரப்பதன் கூட்டும் இயந்திரம் வாங்க வேண்டிய தேவையே இல்லை.

நாம் வீட்டுக்குள் வைக்கிற செடிகள் எங்கிருந்து வந்தவை என்று பார்த்தாலே இது விளங்கும். மணிபிளாண்ட் பசிபிக் கடலில், தாஹிட்டிக்குப் பக்கத்திலிருக்கும் மோரேயாத் தீவைச் சேர்ந்தது. பிலோடென்ட்ரன், அந்தூரியம் எல்லாம் மத்திய, தென் அமெரிக்க மழைக்காட்டுச் செடிகள். சீசீ என்று எல்லோரும் சொல்கிற அந்தத் தடித்த இலைச் செடி கிழக்கு ஆபிரிக்காவில் கென்யாவிலிருந்து தெற்கே பரவி வளர்வது. இந்தச் செடிகளுக்குக் கொழும்பின் வெக்கையும் புழுக்கமும் சொந்த ஊர்க் காலநிலை மாதிரித்தான். நாங்கள் பிளாட்டுக்குள் கொண்டுவந்து வைக்கும்போது அவை இழப்பது இரண்டே விஷயம்: ஒன்று வெளிச்சம், மற்றது வேருக்கு வேண்டிய காற்று. இந்த இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்பது இத்தனை வருஷமாகச் செடிகளோடு இருந்து நான் உறுதியாக நம்புகிற விஷயம்.

முதலில் வெளிச்சம். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கைகள் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. அதனால் ஒழுங்கையின் இரு பக்கமும் நிற்கிற மாடிவீடுகளின் முகப்பு ஒன்றில் வடக்கே பார்க்கும், இல்லாவிட்டால் தெற்கே பார்க்கும். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையில் சில அடி இடைவெளிதான். பக்கவாட்டு அறை யன்னலைத் திறந்தால் எதிரே பக்கத்து வீட்டுச் சுவர். அந்தச் சுவர் வெள்ளையடித்ததாக இருந்தால் அதிர்ஷ்டம், பத்து மணி வெயிலை அது அறைக்குள் திருப்பிவிடும். பெயின்ட் அடிக்காத சிமெந்துச் சுவரென்றால் அந்த அறை பகலிலும் மங்கல்தான்.

ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 5ஆம் திகதி தொடக்கம் 14ஆம் திகதி வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வருகிறது என்று செய்தியில் சொல்வார்கள், கேட்டிருப்பீர்கள். கொழும்புக்கு அது ஏறக்குறைய 7ஆம் திகதி. அதன் பிறகு செப்டெம்பர் முதல் கிழமை வரை நண்பகற் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். மீதி மாதங்களில் தெற்கே. அதாவது ஜூன், ஜூலையில் வடக்கு யன்னலுக்குத்தான் நேர்வெயில் கிடைக்கும், டிசம்பரில் தெற்கு யன்னலுக்கு. "தெற்கு யன்னல்தான் நல்லது" என்கிற குளிர்நாட்டு அறிவுரை இங்கே அரை வருஷத்துக்குப் பிழை. அதோடு, மதிய வெயில் உச்சியிலிருந்து விழுவதால் மேல்மாடிப் பல்கனியின் தளமே அதை மறித்துவிடும். வீட்டுக்குள் ஆழமாக வருகிற வெயில் காலை கிழக்கிலிருந்தும் பின்னேரம் மேற்கிலிருந்தும் சரிந்து வருகிற வெயில்தான். ஆகவே கிழக்குப் பக்கம் ஒரு சின்ன யன்னல் இருந்தாலும் அதை அலுமாரி வைத்து மறைக்காதீர்கள். வீட்டிலேயே செடிக்கு நல்ல இடம் அதுதான்.

வெளிச்சம் போதுமா என்று கண்ணால் மதிப்பிட முடியாது. எங்கள் கண் மங்கலுக்குப் பழகிவிடும், செடி பழகாது. மத்தியான வெயிலில் வெளியே ஏறக்குறைய 100,000 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். அதே நேரம் வரவேற்பறையின் நடுவில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், 100, 200 லக்ஸ் இருந்தாலே பெரிது. கைத்தொலைபேசியில் லக்ஸ் அளக்கிற செயலி போட்டுப் பார்க்கலாம், கணக்கு அவ்வளவு துல்லியமாக இராது, ஆனால் ஓர் இடத்தையும் இன்னோர் இடத்தையும் ஒப்பிட அது போதும். செயலி வேண்டாமென்றால் பகல் பதினொரு மணியளவில் செடி வைக்க நினைக்கிற இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, ஓரடி உயரத்தில் கையைப் பிடியுங்கள். விரல் விரலாக நிழல் விழுந்தால் அங்கே எதையும் வைக்கலாம். கலங்கலாகக் கை வடிவம் மட்டும் தெரிந்தால் மணிபிளாண்ட், சீசீ, பாம்புச்செடி என்கிற மருள் போன்றவை சமாளிக்கும். நிழலே விழாவிட்டால் அது செடி வைக்கிற இடமல்ல. அங்கே வைக்கிற செடி உடனே சாகாது, மாதக்கணக்கில் மெதுவாகத் தேயும். அதனால்தான் பலருக்குக் காரணம் பிடிபடுவதில்லை.

மணிபிளாண்ட் தன் நிலையை வெளிப்படையாகச் சொல்கிற செடி. வெளிச்சம் குறைந்தால் கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி நீளும், புது இலை ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சிறுத்து வரும், மஞ்சள் வரி மறைந்து முழுப் பச்சையாகும். எங்கள் ஒழுங்கை முனையில் ஒரு தென்னைமரத்தில் இதே மணிபிளாண்ட் ஏறியிருக்கிறது. மேலே போகப் போக இலை சுளகு அளவுக்கு விரிந்து, ஓரம் கிழிந்து கிடக்கிறது. அதுவும் நீங்கள் போத்தலில் வைத்திருப்பதும் ஒரே செடிதான். ஏறுவதற்கு ஒரு தண்டும் மேலிருந்து வெளிச்சமும் கிடைத்தால் அது அப்படி வளரும். தும்பு சுற்றிய தடி ஒன்றைச் சாடியில் நட்டு, கொடியை அதில் ஏறவிட்டு யன்னலருகே வைத்துப் பாருங்கள், தொங்கவிட்ட கொடிக்கும் இதற்கும் இலையில் உள்ள வித்தியாசம் சில மாதத்தில் தெரியும்.

கடல் பக்கப் பல்கனி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து நேராக வந்து மரைன் டிரைவ் வீடுகளில் அடிக்கும். அந்தக் காற்றில் உப்பு இருக்கிறது. யன்னல் கிறிலைத் துருப்பிடிக்க வைக்கிற அதே உப்பு இலையின் ஓரத்தையும் கருக்கும். பலர் அதைத் தண்ணீர் போதாமல் வந்த கருகல் என்று எண்ணி இன்னும் ஊற்றுவார்கள். செய்ய வேண்டியது இலையைக் கழுவுவதுதான். கிழமைக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீரால் மேலும் கீழும் கழுவிவிட்டால் போதும். அந்த மாதங்களில் மெல்லிய இலைச் செடிகளை உள்ளே எடுத்துவிட்டு, போகன்விலாவையும் கள்ளியையும் மருளையும் வெளியே விடுவது என் வழக்கம்.

மருளைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. கடைகளில் விற்கிற, மஞ்சள் கரை போட்ட பாம்புச்செடி மேற்கு ஆபிரிக்காவைச் சேர்ந்த இனம். ஆனால் அதன் நெருங்கிய உறவான இன்னோர் இனம் எங்கள் மண்ணுக்கே உரியது. தாவரவியலார் அதற்கு வைத்த பெயரிலேயே இலங்கை இருக்கிறது: சான்செவீரியா சைலானிக்கா. வரண்ட காட்டோரங்களில் கல்லுக்கு நடுவில் தானாக வளர்ந்து நிற்கும். அதன் நாரில் கயிறு திரித்த காலம் ஒன்று இருந்தது. கொழும்பில் அதை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை, ஊருக்குப் போகிறவரிடம் கேட்டால் ஒரு கிழங்குத் துண்டு கொண்டுவந்து தருவார்.

சரி, இனித் தண்ணீர். இங்கேதான் எங்கள் வீட்டில் நீண்ட நாள் பேச்சுவார்த்தை நடந்தது.

அம்மாவின் கை யாழ்ப்பாணத்துக் கை. கோண்டாவிலில் எங்கள் வளவு செம்மண். கீழே சுண்ணாம்புக் கல். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். பங்குனி, சித்திரை வெயிலில் காலையும் பின்னேரமும் கிணற்றிலிருந்து இறைத்து வார்த்தால்தான் கத்தரியும் மிளகாயும் தலைநிமிர்ந்து நிற்கும். அந்த மண்ணுக்கு அதுதான் சரியான வேளாண்மை. அந்தக் கையோடுதான் அம்மா கொழும்புக்கு வந்தார். விடிய எழும்பித் தேத்தண்ணி குடித்த கையோடு ஒரு சுற்று, பின்னேரம் விளக்கு வைக்க முன் இன்னொரு சுற்று. மூன்றாம் மாடி அறைக்குள், பிளாஸ்டிக் சாடியில், வெயில் படாத இடத்தில் நிற்கிற செடிக்கு அந்தத் தண்ணீர் எங்கே போகும்? போகாது. சாடிக்குள்ளேயே நிற்கும். வேருக்குத் தண்ணீர் வேண்டும், அதே அளவு காற்றும் வேண்டும். மண்ணின் இடுக்குகளில் எல்லாம் தண்ணீரே நிறைந்து நின்றால் வேர் மூச்சுமுட்டி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் தண்ணீருக்குள் நின்றபடியே செடி வாடும்.

"பிள்ளை, உது வாடிப்போய்க் கிடக்குது. தண்ணி விடேல்லையே?" என்பார் அம்மா.

"அம்மா, மண்ணைத் தொட்டுப் பாருங்கோ. ஈரமாத்தான் கிடக்குது."

"மேல ஈரம். அடியில காய்ஞ்சிருக்கும்."

மேலே ஈரமா, அடியில் ஈரமா என்ற இந்த வாக்குவாதத்தைத் தீர்த்தது ஓர் ஈர்க்கு. விளக்குமாற்றிலிருந்து நல்ல நீளமான ஈர்க்கு ஒன்றை உருவி, சாடியின் ஓரமாக அடிவரை இறக்கி, கொஞ்ச நேரம் விட்டு வெளியே இழுத்துப் பார்ப்பது. மண் ஒட்டாமல் வெளுப்பாக வந்தால் தண்ணீர் விடலாம். கறுப்பாக ஈரத் துகள் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். இதை அம்மா ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டார், அதற்குமேல் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தும்விட்டார். ஈர்க்கை இழுத்தவுடன் மூக்கடியில் பிடித்து மணந்து பார்ப்பார். நல்ல மண்ணுக்கு மழை பெய்த மணம் இருக்கும். புளித்த மணம் வந்தால் அடியில் வேர் அழுகத் தொடங்கிவிட்டது. இலையில் எதுவும் தெரிய முன்பே அம்மாவின் மூக்குக்கு அது தெரிந்துவிடுகிறது. இப்போது எங்கள் வீட்டில் தண்ணீர் விடுகிற பொறுப்பு முழுக்க அம்மாவிடம்தான்.

விடுகிறபோது தாராளமாக விட வேண்டும். அரைக் கோப்பை, கால் கோப்பை என்று தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது நல்லதல்ல. மேல்மண் எந்நேரமும் நனைந்திருக்கும், அடிமண்ணில் பசளை உப்பு தேங்கும். செடியைக் குசினிச் சிங்குக்கோ குளியலறைக்கோ தூக்கிக்கொண்டுபோய், அடித்துளையால் தண்ணீர் ஓடும்வரை விட்டு, நன்றாக வடிந்த பிறகு திரும்ப இடத்தில் வையுங்கள். அப்புறம் ஈர்க்கு சொல்லும்வரை தொட வேண்டாம். நாட்காட்டி பார்த்துத் தண்ணீர் விடுவதும் கொழும்புக்கு ஒத்துவராது. தை, மாசியில் மழை குறைவு, வெயில் நல்லது, சாடி சீக்கிரம் காயும். ஜூனில் நாட்கணக்கில் மூடிக்கட்டி மழை பெய்யும்போது அதே சாடி இரண்டு கிழமைக்கும் ஈரமாகவே இருக்கும்.

சாடிக்குள் என்ன போட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் இதெல்லாம். பத்தரமுல்லையில் தியத்த உயனவுக்குப் போனால் வரிசையாகச் செடிக்கடைகள். பார்த்துக்கொண்டே நடந்தால் பொழுது போவது தெரியாது. அங்கே வாங்குகிற செடிகளில் பெரும்பாலானவை தும்புத்தூளும் கூட்டெருவும் நிறைத்த கறுப்புப் பையிலோ மெல்லிய சாடியிலோ வரும். வளர்ப்பவர் பச்சை வலைக்கடியில், காற்றோட்டத்தில் வைத்துத் தினமும் தண்ணீர் அடிப்பார், அந்த இடத்துக்கு அந்தக் கலவை சரி. அதே பையை மூடிய அறைக்குள் கொண்டுவந்து வைத்தால் தும்புத்தூள் தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்கும். நான் புதுச் செடியை முதல் இரண்டு கிழமை மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வைத்து, பூச்சி ஏதும் இல்லையென்று பார்த்துவிட்டு, அதன் பிறகு சாடி மாற்றுவேன்.

மாற்றும்போது தரையில் பழைய பத்திரிகைத் தாளை விரித்து, செடியின் அடித்தண்டை இரண்டு விரலுக்கிடையில் பிடித்துச் சாடியைக் கவிழ்த்துத் தட்டினால் மண் கட்டியாக வெளியே வரும். அதை மெல்ல உதிர்த்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக, அல்லது இளமஞ்சளாக, நுள்ளிப் பார்த்தால் இறுக்கமாக இருக்கும். கெட்ட வேர் கபில நிறத்தில் வழுவழுவென்று இருக்கும். அதை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை கழன்று கையோடு வந்துவிடும், நூல் மாதிரி உள்நரம்பு மட்டும் செடியில் மிஞ்சும். அப்படிக் கழலுகிற எல்லாவற்றையும் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டிவிட வேண்டும், தயங்கக் கூடாது. சீசீயென்றால் அடியில் உருளைக்கிழங்கு அளவில் கிழங்குகள் இருக்கும், தண்ணீரை அது அங்கேதான் சேமிக்கிறது. அதை அமத்திப் பார்த்து இறுக்கமாக இருந்தால் பயமில்லை.

என் கலவையில் பாதி, விரற்கடை அளவுக்கு வெட்டிய பொச்சுத் துண்டு. மிச்சப் பாதியில் கூட்டெருவும் தும்புத்தூளும் சரிபாதி, அதோடு இடித்த சிரட்டைக்கரி இரண்டு மூன்று கைப்பிடி. உலகம் முழுக்கச் செடி வளர்க்கிறவர்கள் காசு கொடுத்து வாங்குகிற தும்பும் தும்புத்தூளும் எங்கள் நாட்டிலிருந்தும் கப்பல் ஏறிப் போகிறவை. எங்களுக்கு அது தேங்காய் உரிக்கிற இடத்தில் கிடக்கிறது. பொச்சைப் பாவிக்க முன் ஓரிரு நாள் தண்ணீரில் ஊறவிட்டு, சாயத்தண்ணீரை ஊற்றிவிட்டு இன்னொரு தடவை அலச வேண்டும், அதிலுள்ள உப்பும் கறையும் போகும். இந்தக் கலவையில் தண்ணீர் விட்டால் கடகடவென்று இறங்கிவிடும். ஆனாலும் பொச்சுத் துண்டு உள்ளுக்குள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், துண்டுகளுக்கிடையில் காற்றும் நிற்கும்.

சாடியின் அடியில் ஓட்டுத் துண்டும் கல்லும் ஒரு படையாகப் போட்டால் தண்ணீர் வடியும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மையில் உதவாது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குத் தண்ணீர் இலகுவாக இறங்காது. கல்லுக்கு மேலேயே தேங்கி நிற்கும், வேருக்கு இருக்கிற இடமும் குறைந்துவிடும். துளையால் மண் போகாமல் ஒரே ஓர் ஓட்டுத் துண்டை அதன்மேல் கவிழ்த்து வைத்தால் போதும். துளையில்லாத அழகுச் சாடி பிடித்திருந்தால் வாங்குங்கள், ஆனால் செடியைத் துளையுள்ள சாடியில் வைத்து, அதை உள்ளே இறக்குங்கள்.

இனி நான் மிகவும் கவலைப்பட்டுச் சொல்கிற விஷயம் ஒன்று: சாடிக்கடியில் வைக்கிற பீரிசு. 2017இல் இலங்கையில் 186,000க்கும் அதிகமானவர்களுக்கு டெங்கு என்று பதிவானது. அந்த வருஷம் எங்கள் ஒழுங்கையில் காய்ச்சல் புகாத வீடு குறைவு. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்புக்குச் சேற்றுக் குளம் தேவையில்லை, பீரிசில் நிற்கிற தெளிந்த தண்ணீர் போதும். முட்டையிலிருந்து பறக்கிற நுளம்பாக அது மாற ஏறக்குறைய ஒரு கிழமை, பத்து நாள்தான். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, ஏனென்றால் முட்டை தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே பாத்திரத்தில் ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது, திரும்ப நனைந்தவுடன் பொரிக்கும். ஆகவே கிழமைக்கு ஒருமுறை பீரிசைத் தும்புத்துண்டால் தேய்த்துக் கழுவ வேண்டும். போத்தலில் வைக்கிற மணிபிளாண்டுக்கும், அதிர்ஷ்ட மூங்கில் என்று விற்பதற்கும் இதே சட்டம். அந்த மூங்கில் மூங்கிலே அல்ல, மத்திய ஆபிரிக்காவிலிருந்து வந்த ஒரு டிரசீனா. 2001இல் அமெரிக்காவுக்குக் கப்பலில் போன அதிர்ஷ்ட மூங்கில் தண்ணீரோடு ஆசியப் புலி நுளம்பும் கலிபோர்னியாவில் இறங்கியது. இலைகளுக்கு நடுவில் கிண்ணம்போலத் தண்ணீர் பிடிக்கிற புரோமீலியாட் வைத்திருப்பவர்கள் அதையும் கிழமைதோறும் கவிழ்த்து ஊற்றிப் புதுத் தண்ணீர் விடுங்கள். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி வீட்டில் குடம்பி இருந்தால் வழக்குப் போடலாம். வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், கீழ்மாடியில் கைக்குழந்தை இருக்கிற வீடு.

பூச்சிகளில் எங்களுக்கு அதிகம் தொல்லை தருவது இலைக்காம்பு தண்டோடு சேருகிற மூலையில் வெள்ளைப் பஞ்சுபோல ஒட்டிக்கொள்கிற பூச்சி. சாடியில் எறும்பு ஏறி இறங்கத் தொடங்கினால் அந்த மூலைகளைத் தேடிப் பாருங்கள். பஞ்சுப்பூச்சி கழிக்கிற இனிப்புத் தண்ணீருக்காகத்தான் எறும்பு வருகிறது, அதற்குக் காவலும் இருக்கிறது. பார்மசியில் வாங்குகிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் காது துடைக்கிற பஞ்சுக்குச்சியைத் தோய்த்து ஒவ்வொன்றாகத் தொட்டால் வெள்ளை கரைந்து, உள்ளேயிருக்கிற பூச்சி செம்மஞ்சளாகத் தெரியும், அப்படியே துடைத்தெடுக்கலாம். ஒரு தடவையில் முடியாது. கிழமைக்கு ஒருமுறையாக ஒரு மாதம் விடாமல் செய்ய வேண்டும். நிறையப் பரவியிருந்தால் ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், அது கலப்பதற்குச் சில துளி பாத்திரம் கழுவுகிற திரவம், பின்னேரத்தில் தெளிப்பது. ஏசி போடுகிற அறையில் மட்டும் வேறொரு தொல்லை வரும். அங்கேதான் கொழும்பிலும் காற்று காயும். இலைக்கு அடியில் மெல்லிய வலையும், இலைமேல் ஊசி குத்தினாற்போல வெளிறிய புள்ளிகளும் கண்டால் அது சிற்றுண்ணி. இலையின் அடிப்பக்கத்தைக் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, செடியை அந்த அறையிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் வீட்டுக்கு வீடு ஒரு வைத்தியம் உண்டு. மீன் கழுவிய தண்ணீர், தேயிலைச் சக்கை, முட்டைக் கோது. வளவில் நிற்கிற ரோசாவுக்கும் கறிவேப்பிலைக்கும் மீன் தண்ணீர் நல்லதுதான், அம்மாவின் ரோசா அதில் வளர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள் அது நாறும். தேயிலைச் சக்கையை நேரே சாடியில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும், மண்ணிலிருந்து சின்னக் கறுப்புக் கொசு எழும்பும். எல்லாவற்றையும் பல்கனியில் ஒரு வாளியில் மக்கவிட்டுக் கூட்டெருவாக்கிப் போடுங்கள். இல்லையென்றால் பசளைக் கடையில் அல்பர்ட் கலவை கேட்டு வாங்கி, பொதியில் சொன்ன அளவில் பாதி கரைத்து மாதம் இரண்டு முறை விடலாம். இங்கே பகல் வருஷம் முழுக்கப் பன்னிரண்டு மணித்தியாலத்தை ஒட்டியே இருப்பதால் செடி நிறுத்தாமல் வளரும், பசளைக்கு விடுமுறை தேவையில்லை.

கடைகளில் "இது காற்றைச் சுத்தப்படுத்தும்" என்று சொல்லி விலை கூட்டுகிறார்கள். அதற்கு அடிப்படை 1989இல் நாசா செய்த ஆய்வு. அது காற்றுப் புகாமல் அடைத்த சிறு பெட்டிக்குள் செய்தது. யன்னல் திறக்கிற வீட்டுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. 2019இல் வெளியான ஒரு மீளாய்வு, சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் 10 முதல் 1,000 செடி வரை வேண்டும் என்று கணக்கிட்டது. காற்றுக்காகச் செடி வாங்காதீர்கள். புது இலை சுருளாக வந்து விரிவதைப் பார்க்கிற ஆசைக்காக வாங்குங்கள், எனக்கு அது போதுமான காரணம். தவழ்கிற பிள்ளை இருக்கிற வீடென்றால் டிஃபென்பாக்கியாவை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதன் சாற்றில் ஊசி ஊசியாகப் படிகங்கள் உண்டு, கடித்தால் வாயும் நாக்கும் வீங்கும். மணிபிளாண்டிலும் அவை இருக்கின்றன, அதையும் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். போகிற அன்று காலையில் எல்லாச் சாடிக்கும் நிரம்பத் தண்ணீர் விட்டு, முழுக்க வடியவிட்டு, பீரிசுகளைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். செடிகளை நேர்வெயிலிலிருந்து இழுத்து, யன்னலுள்ள ஓர் அறையில் நெருக்கமாகச் சேர்த்து வைத்தால் ஈரம் கொஞ்சம் நின்றுபிடிக்கும். திரைச்சீலையை மட்டும் முழுக்க மூடிவிட்டுப் போகாதீர்கள். சீசீயும் மருளும் மூன்று நான்கு கிழமை தாராளமாகப் பொறுக்கும், மணிபிளாண்ட் இரண்டு கிழமை. பக்கத்து வீட்டுக்காரரிடம் திறப்பைக் கொடுத்தால் "நாளும் கொஞ்சம் விடுங்கோ" என்று சொல்லாமல், எந்தச் சாடிக்கு, எந்தத் திகதியில் என்று எழுதிக் கொடுங்கள். பன்னச் செடிதான் ஒரு கிழமைகூடத் தாங்காது. எங்களுடையதை மேல்மாடி அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போவோம். அவர் அதிலிருந்து பிரித்து யோகட் கப்பில் வைத்த கன்றுகள் இப்போது அந்த மாடியில் நான்கு வீட்டில் நிற்கின்றன. உங்களுக்கும் ஒன்று வேண்டுமென்றால் சொல்லுங்கள், கிழக்கு யன்னல் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.